துளை எண் நாற்பத்தொன்று

கொக்குவிலில், மோட்டர் சுற்றும் கடைக்கு மேல்மாடியில்
எகிப்தை ஒட்டிக்கொண்டிருந்தேன்.
மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு சாண் சுவர்;
இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை,
தாழச் சாய்த்த விளக்கில் இன்னொருமுறை.
நைல் எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது.
கீழே வார்னிஷ் மணந்தது.

நிறம் இல்லாமல்தான் முதலில் வரும் சுவர்:
சாம்பல் மேடு, சாம்பல் பள்ளம்,
உளி எங்கே தயங்கியது என்பது உட்பட.
நிறத்தைப் பிறகு போர்த்துவோம்.
காவி தோளில் சரியாய் உட்கார
இரண்டு இரவு போயிற்று.
மூன்றாம் இரவு மின்சாரம் போனது.
யூபிஎஸ் கத்தக் கத்தச் சேமித்தேன்
ஒரு படகையும் பாதி வாத்தையும்.

மீன் பிளக்கிறவனுக்கு முகம் இல்லை.
யாரோ கொத்தி எடுத்திருந்தார்கள்,
ஆறுதலாக, விளிம்பு பிசகாமல்.
திரை கேட்டது: துளை எண் நாற்பத்தொன்று. நிரப்பவா?
ஒரே சொடுக்கு. பக்கத்துக் கல்லின் நிறத்தை இழுத்து
மொழுமொழுவென்று ஒரு கன்னம் செய்துவிடும்.

யன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்.
சீமெந்தால் அடைத்து
மேலே இரண்டு தரம் வெள்ளை அடித்தது.
நடுப்பகலில் ஒன்றும் தெரியாது.
ஐந்தரை மணி வெயில் சாய்ந்து வரும்போது
பதினேழையும் எண்ணலாம்.

'பிறகு' என்பதை அழுத்தினேன்.

குருநகர் சனசமூக நிலையத்தில்
புரொஜெக்டர் வைத்து மூன்று நாள் காட்டினோம்.
பிரமிட் எங்கே என்றார்கள் பாடசாலைப் பிள்ளைகள்.
சந்தை முடிந்து, செதில் காயாத கையோடு
எமில்டா வந்து நின்றாள், சுவருக்கு வலு கிட்ட.
"இது மணலை" என்றாள்.
"சினை உடையாமல் முதுகால வெட்டுறான், பாருங்கோ.
வெட்டத் தெரிஞ்சவன்."

அவள் கேட்கவில்லை; நான்தான் சொன்னேன்:
"முகத்தை உடைச்சுப் போட்டாங்கள்.
வேணுமெண்டால் கம்பியூட்டரில செய்து வைக்கலாம்."

"ஆற்றை முகத்தை?"

வெளிச்சத்துக்குக் குறுக்கே நடந்து போனாள்.
மீன்கள் ஒவ்வொன்றாய் அவள் முதுகில் ஏறி,
சேலை மடிப்பில் வளைந்து,
சுவருக்குத் திரும்பின.

இரவு அறிக்கை எழுதினேன்.
துளைகள் நூற்றாறு. நிரப்பியவை நூற்றைந்து.
நாற்பத்தொன்று திறந்தபடி.
'காரணம்' என்ற கட்டத்தில்
மணலை என்று தட்டி, அழித்து,
வெறுமையாய் அனுப்பினேன்.