குவளை வளையம் அளவு நிலம்

பகலில் நான் துருவுக்கு எதிரி.
ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில்
ஏழாம் மாடிக் கைப்பிடிக் கம்பியைச்
சுரண்டி, தேய்த்து, சிவப்பு அடிப்பூச்சு கொடுத்து
புகார்த்தாளில் எழுதுகிறேன்:
துரு. அகற்றப்பட்டது.
கையெழுத்து. தேதி.

இரவில் அதே கை
கோப்பிக் குவளை மேசையில் விட்டுப்போகும்
வளையம் அளவே உள்ள ஒரு நிலத்தில்
துருவை நட்டு வளர்க்கிறது.

முதல் தடவை, பெரிய கெட்டிக்காரன்போல,
கம்பியில் சுரண்டியதையே
தைலப் புட்டியில் அடைத்துக் கொண்டுவந்தேன்.
அசல் துரு. பதினெட்டு வருட மழை தின்ற மிச்சம்.
பசை தடவித் தூவினேன்.
யாரோ மிளகாய்த் தூளைத்
தட்டிவிட்டுப் போனதுபோல் கிடந்தது.

சின்னதாக ஆக
உண்மை பருத்துவிடுகிறது.
மண்ணைப் போட்டால் மண்ணாகத் தெரிவதில்லை.
மண்ணுக்கும் மண்நிறம் அடிக்க வேண்டும்.
காய்ந்தபின் கறுப்பைத் தண்ணீராய்க் கரைத்துப்
பள்ளங்களில் ஓடவிட வேண்டும்.
அப்புறம் துணியில் துடைத்துத் துடைத்து
ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத தூரிகையால்
மேடுகளின் நெற்றியில் மட்டும்
ஒரு சாம்பல் வெளிச்சம்.
திருநீறு பூசி உதறிய விரலில்
மிஞ்சுமே, அவ்வளவு.

ஈப்போவிலிருந்து லியோங் ஒரு வீரனை அனுப்பினான்.
கட்டைவிரல் உயரம். தோளில் கரடித்தோல். கையில் கோடரி.
'காலுக்குக் கீழே பனி வேணும்' என்றான்.

பனி.
நான் பார்த்த பனியெல்லாம்
குளிர்பெட்டியின் மேல்தட்டில்
மீன் பொட்டலத்தைப் பிடித்துவைத்திருப்பது.
கதவைத் திறந்துவைத்து
அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
'மின்கட்டணம்' என்றாள் சுகுணவதி
உள்ளறையிலிருந்து.

சமையல் சோடா, வெள்ளைப் பசை,
ஒரு துளி நீலம்,
வெறும் வெள்ளை என்றால் சுண்ணாம்பாகிவிடும்.
கோடரிக்காரன் கணுக்கால் புதைய நின்றான்.

நவம்பர். கொடிமலைப் பக்கமிருந்து
இறங்கி வந்த மழை போகவே இல்லை.
மூன்று நாள் பசை காயவில்லை.
நான்காம் நாள் பனி மஞ்சளித்தது.
படத்தைப் பார்த்துவிட்டுக் கைரூல் சொன்னான்:
'யாரோ ஒண்ணுக்குப் போன பனி, பாஸ்.'

ஒன்பதாம் நாள்,
வீரனின் இடக்காலுக்குப் பின்னால்
நான் வைக்காத ஒரு பச்சை.

பூஞ்சணம்.
ஊசிமுனைகள் பத்துப் பதினைந்து.
அவ்வளவு சரியான அளவில்.
நிழல் எங்கே தேங்கும்,
ஈரம் எந்த விளிம்பில் நிற்கும்,
எல்லாம் தெரிந்த ஒருவன்
நான் தூங்கும்போது வந்து
தூரிகை கழுவாமல் போனதுபோல்.

கோடரிக்காரனை மெல்லக் கழற்றி
கடையில் வாங்கிய பனியில் நிறுத்தி
ஈப்போவுக்கு அனுப்பிவிட்டேன்.
'பார்த்தாலே குளிருது' என்று பதில் வந்தது.
பழைய நிலம் என்னிடம்.
இரண்டு கால் குழிகள்.

திங்கட்கிழமை புதிய புகார்:
பத்தாம் மாடி, மின்தூக்கிப் பக்கத்துச் சுவர், பூஞ்சணம்.
குளோரின் வாளியோடு போனேன்.
தரையிலிருந்து இடுப்பளவு ஏறியிருந்தது,
கீழே கறுப்பு, நடுவில் பாசி,
மேலே காற்றில் கலைவதுபோல் ஒரு சாம்பல்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
குந்திப் பார்த்தேன்.
இதன்முன் நிற்பவன்
எவ்வளவு பெரியவனாக இருக்க வேண்டும்?

காய்கறிப் பையோடு திருமதி லீ கேட்டார்,
'ஆணி ஏதும் விழுந்திடுச்சா?'
இல்லை என்றேன்.
துடைத்தேன். நன்றாகவே துடைத்தேன்.
எழுதினேன்: அகற்றப்பட்டது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால்
இடக்கால் குழி
நிரம்பியிருந்தது.