விலக்கு

கொப்புடையம்மன் திருவிழா நெருங்கினால்
எங்கள் வளவுப் பெண்கள்
மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புவார்கள்,
நாள் தள்ளிப்போட மாத்திரை வாங்க.
நான் அனுப்பியதே இல்லை.

"உமையா கொடுத்து வச்சவ" என்பார் தேனம்மை அயித்தை.
"எந்தப் படைப்புக்கும் இவளுக்கு இடைஞ்சல் வராது."

போன வருடம் நான்கு முறை.
அதற்கு முந்தின வருடம் மூன்றோ, நான்கோ.

செக்காலை ரோட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை எனக்கு.
ஒரு மாதம் கணக்குத் தாக்கல் செய்யாத கடைக்காரரை
இருபதாம் தேதியே போனில் விரட்டுவேன்.
என் உடம்பு ஏழு மாதம் தாக்கல் செய்யாதிருந்தது.
யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.
விலக்குப் பெற்றவள் என்று
என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது போல.

தாடைக்கு அடியில் முடி.
ஜன்னல் பக்கம் திரும்பினால் மட்டும் தெரிகிற மூன்று,
பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும்.
பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்லரில்
நூலைப் பல்லில் கடித்தபடி ஜாஸ்மின் கேட்டாள்:
"அக்கா, மாசாமாசம் சரியா வருதா?"
நான் திரும்பியதில் நூல் அறுந்தது.

ஆத்தாவுக்கு என் கழுத்துதான் கவலை.
"நல்லாத் தேய்ச்சுக் குளி."
பயத்தமாவு, எலுமிச்சை, பீர்க்கங்கூடு.
தோல் எரிந்தது. கறுப்பு போகவில்லை.

நூறடி ரோட்டு மாடியில் டாக்டர் ஃபர்ஹானாவும்
முதலில் கழுத்தைத்தான் பார்த்தார்.
"இது அழுக்கில்லம்மா.
உள்ள இன்சுலின் மல்லுக்கட்டுது, இங்க தெரியுது."
எத்தனை நாளுக்கு ஒரு தடவை என்றார்.
ஊர்க் கணக்கெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பவளுக்கு
சொந்தத் தேதி தெரியவில்லை.
"இருபத்தொண்ணுல இருந்து
முப்பத்தஞ்சு நாளைக்குள்ள வந்தாச் சரி."
தொண்ணூறு, நூற்றிருபது,
அதற்குமேல் விரல் விடுவதை நிறுத்தினேன்.

ரத்தம் எடுத்தார்கள்.
தைராய்டோ புரோலாக்டினோ
இந்த வேஷம் கட்டி ஆடவில்லை என்று தெரிந்தது.
ஆண் ஹார்மோன் கூடுதல்.
"எல்லாப் பொண்ணுக்கும் உண்டு. உனக்குக் கொஞ்சம் தாராளம்."

ஸ்கேனுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து
காலைப் பின்னிக்கொண்டு ஒரு மணி நேரம்.
டோக்கன் கொடுத்தவள் "கல்யாணம் ஆச்சா?" என்று
பெஞ்சு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்.
குளிர்ந்த பசை, சாம்பல் நிறத்தில் அலை.
சினைப்பை இரண்டும் இயல்பு என்று அறிக்கை.

ஆத்தா பையிலிருந்து கற்கண்டை எடுத்துவிட்டாள்.
"கொப்பாத்தா காப்பாத்திட்டா."
டாக்டர் காகிதத்தை மடித்தார்.
"மூணுல ரெண்டு இருந்தாப் போதும்மா.
ரெண்டும் ஏற்கெனவே இருக்கு."
"கட்டியே இல்லைன்னு போட்டிருக்கே?"
"பேருதான் தப்பு.
தெரியிறவங்களுக்கும் அது கட்டியில்லை,
விளையாம நின்னுபோன முட்டை."
ஆத்தா கற்கண்டை வாயில் போடவுமில்லை,
பைக்குள் வைக்கவுமில்லை.

சீட்டோடு அதே மருந்துக்கடை.
தள்ளிப்போடுகிற மாத்திரைக்கும்
வரவழைக்கிற மாத்திரைக்கும் ஒரே அலமாரி.
"வீட்ல யாருக்கும்மா?" என்றார்.
"எனக்கு."

பத்து நாள் விழுங்கினேன். நிறுத்திய நான்காம் நாள் வந்தது,
சரியாகப் பிள்ளையார் நோன்பு அன்றைக்கு.
உள்ளே, இருபத்தொரு நாள் உருவிய நூலைத் திரித்து
மாவில் நட்டு ஏற்றுகிறார்கள், சுடரோடு விழுங்க.
நான் பின்கட்டில், அடிவயிற்றில் வெந்நீர்ப் பையோடு.
"அடடா, இன்னைக்குப் போயா" என்றார் அயித்தை
எட்டி நின்று.
ஆத்தா எதுவும் சொல்லவில்லை.
நூல் உருவி மிஞ்சிய கோடி வேட்டியைக் கொண்டுவந்து
தொடாமல் என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

நாளுக்கொரு நூலாய் உருவி
ஆபீஸ் மேசையில் பேனா ஸ்டாண்டில் சுற்றி வருகிறேன்.
என்ன நேர்த்திக்கடனா என்று ஆடிட்டர் கேட்டார்.
இன்று முப்பத்துமூன்றாவது நூல்.
இன்னும் இரண்டு நாள் கெடு இருக்கிறது.