ரப்பர் குமிழ்

ஆற்காடு சாலையில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளத்தை
இரும்புத் தகடு வைத்து மறைத்திருக்கிறார்கள்.
அதை ஒட்டிய மருந்துக்கடைக்குக் கீழே
பதினாறு படி இறங்கினால் எங்கள் ஸ்கேன் சென்டர்.
மனிதர்களைக் குழாய்க்குள் அனுப்புவது
பதினோரு வருஷமாக என் வேலை.

தாலி, அரைஞாண், பல் செட் எல்லாம் கேட்டு வாங்குவேன்.
ஒரு அம்மாள், கல்யாணத்தன்று போட்ட மெட்டியைச்
சோப்பு நுரையில் உருவி எடுத்து
பில்லில் மடித்துக் கொடுத்தார்.
பயத்தை யாரும் தட்டில் கழற்றி வைத்ததில்லை.
நானும் கேட்டதில்லை.
அது காந்தத்தில் ஒட்டாது.

படுத்ததும் உள்ளங்கையில் ஒரு ரப்பர் குமிழ் தருவேன்.
"முடியலன்னா அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துருவேன்."
பெரும்பாலும் அமுக்குவதில்லை.
திரும்ப வாங்கும்போது
குமிழ் நனைந்திருக்கும்.

எனக்குக் குமிழ் கிடையாது.
வில்லிவாக்கத்தில் மூன்றாவது மாடி.
பூட்டிவிட்டு இறங்கி, பால் பூத் வரை வந்து,
திரும்பப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.
போனில் ஒரே பூட்டின் படம் நூற்றுப்பதினேழு.
சிலிண்டர் வால்வு தனி.
விடியற்காலை மூன்று மணிக்கு
நெஞ்சுக்குள் யாரோ வீடு மாற்றுவதுபோல
நாற்காலி இழுபடும்.
நிறுத்திப் பார்க்க என்னென்னவோ செய்தாயிற்று.
மாங்காட்டு எலுமிச்சம்பழம்.
அண்ணா நகர் டாக்டரின் மாத்திரை
(தூக்கம் வந்தது, பொய் சொல்லக் கூடாது).
மூச்சை எண்ணச் சொல்லும் ஒரு ஆப்,
அதில் பேசும் பெண்ணுக்கு
வாடகை பாக்கியே இருந்ததில்லை என்று
குரலிலேயே தெரியும்.

போன ஐப்பசி, மழை, இரவு கடைசி ஆள்.
டில்லிபாபு, முப்பத்திரண்டு, வியாசர்பாடி.
சாப்பாட்டு டெலிவரிக்குப் போய் வண்டியோடு சறுக்கியதில் கழுத்து.
குமிழைப் பார்த்துச் சிரித்தான்.
"எங்கப்பா ஆட்டோல இதான் மேடம் ஹாரன்.
சத்தம்தான் காணோம்."

மெஷின் தடதடத்தது.
ஒன்றரை நிமிஷத்தில் அமுக்கினான்.
நிறுத்தி, பலகையை வெளியே இழுத்தேன்.
"என்னாச்சு?"
"ஒண்ணுமில்ல, போடுங்க."
மறுபடியும் அமுக்கினான்.
மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது.
கடைசி பஸ் பத்து நாற்பதுக்கு.
மழைத்தண்ணீர் வேறு
ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பயமா இருந்தா விட்ருங்க, இன்னொரு நாள் பாக்கலாம்."

"பயம் இருக்குது மேடம். இன்னொரு நாளும் இருக்கும்.
வெளிய எடுக்காதீங்க.
நான் அமுக்குனா
இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

இருபத்திரண்டு நிமிஷம்.
ஒன்பது தடவை அமுக்கினான்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, மைக்கில்,
ஒன்பது தடவை
இருக்கேன்.
கால் நடுங்கியதில் இரண்டு படம் கலங்கலாக வந்தது.
பார்க்கிற அளவுக்கு இருக்கிறது என்றார் டாக்டர்.

அன்றைக்கும் மூன்று மணிக்கு நாற்காலி இழுபட்டது.
எழுந்து விளக்கைப் போடவில்லை.
இத்தனை வருஷமாக
அமுக்கினால் போதும், பதறிப்போய்
மெஷினை நிறுத்த ஓடியிருக்கிறேன்.
இருட்டைப் பார்த்து "இருக்கேன்" என்றேன்.
பக்கத்தில் தங்கை புரண்டாள்.
"யார்கிட்டடி பேசுற?"
"தூங்கு."
கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுபட்டது.
இருக்கேன்.
பால்கனி வாளி நிரம்பி வழிகிற சத்தம்.
மறுபடி.

காலையில் பூட்டிவிட்டு இறங்கி, பால் பூத் வரை வந்து,
திரும்பப் போய் இழுத்துப் பார்த்தேன்.
பூட்டித்தான் இருந்தது.
படம் எடுத்துக்கொண்டேன், நூற்றுப்பதினெட்டு.

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
வலது கை வியர்த்திருந்தது.
துடைக்காமல் மூடியே வைத்திருந்தேன்,
உள்ளே ஏதோ
மெத்தென்று இருப்பதுபோல.