பதினேழாவது முளை

ஹோவிக்கிலிருந்து இருபது நிமிடம்.
கேட்டுச் சங்கிலி முழுக்க ஈரம்.
"நாற்பத்தொரு ஹெக்டேர். வெறும் புல்"
என்றார் ரங்கநாதன் மூன்சாமி,
காரைவிட்டு இறங்காமல்.
காகித ஆலைக்காரன் யூகலிப்டஸ் நடக் கேட்டிருக்கிறான்.
மகளுக்கு டர்பனில் காலேஜ் ஃபீஸ்.
அதையும் சொன்னார், நான் கேட்காமலே.

முக்காலியை விரித்தேன்.
கார்க்லூஃப் பள்ளத்தாக்கில்
மஞ்சு புல்லின் இடுப்பளவு நின்றது.
எதிர்ச்சரிவில் பைன் மரங்கள்,
தலைமை ஆசிரியர் வரக் காத்திருக்கும் பிள்ளைகளாய்
வரிசை கலையாமல்.
அந்த வரிசைக்குள் ஒரு பறவை நுழைவதை
காலை முழுக்க நான் பார்க்கவில்லை.

மலை என்பதால் குறிஞ்சியா,
மாடு மேய்வதால் முல்லையா?
திணை வகுத்தவர் யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை.
பூக்களின் பெயரும் எனக்குத் தெரியாது.
முழங்காலில் ஒட்டிய மகரந்தம் மஞ்சள்,
அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பதினேழாவது முளை.
சுத்தியலை ஓங்கிய நேரம்
கருநீலமாய் ஒன்று,
வால் இரண்டு நூலாய்ப் பிரிய,
என் பூட்ஸுக்கு ஒரு முழம் தள்ளி
தரைக்குள் போனது.

தகைவிலான்.
தரைக்குள்!

மண்டியிட்டுப் பார்த்தேன். ஒரு வளை.
சுவரில் பழைய நகக்கீறல்.
கூரையோடு ஒட்டிய சேற்றுக் கிண்ணத்தில்
இருட்டைக் கிழித்து மூன்று வாய்கள்.

நாடா பிடிக்க வந்த பெக்கி ஸோண்டி சொன்னார்:
"இசம்பானே தோண்டினது. ராத்திரியில் கறையான் தேடும்,
தோண்டிப்போட்டுப் போய்விடும்.
தான் படுக்காத வளையைத் தோண்டுகிறவன் என்று
ஏமாளியைச் சொல்வோம், எங்கள் பாஷையில்."
சிரித்தார். நானும்.
குருவி மட்டும் போவதும் வருவதுமாய் இருந்தது
அந்த ஏமாளித்தனத்துக்குள்.

படிவத்தில் 'தற்போதைய பயன்பாடு' என்றொரு கட்டம்.
வழக்கமாய் அதில் ஒரு கோடு கிழிப்பேன்.
இன்று எழுதினேன்: குடியிருப்பு.
ஆள்கணக்கு: பெரியவர் இருவர், சிறியவர் மூவர்.

அலுவலகம் திருப்பி அனுப்பும்,
சிவப்பு மையில் ஏதாவது எழுதி.

மூன்சாமி கண்ணாடி மாட்டிப் படித்தார்.
"இதுங்க வாடகை குடுக்குமா?"
என்னிடம் பதில் இல்லை.
மறுபடி படித்தார். ஆள்கணக்கில் விரல் நின்றது.
வெகுநேரம் கழித்துக் கார்க்கதவு திறந்தது.
ஒரு கால் வெளியே வந்தது,
பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

"எந்தப் பக்கம்?"

பெக்கி கை நீட்டினார்.
அவர் போனார், பேன்ட்டைத் தூக்கிப் பிடித்தபடி,
புல் விலகி விலகி மூட.
என்ன முடிவு செய்வாரோ தெரியாது.
முளை என் டிக்கியில் கிடக்கிறது.