பழைய கோப்பு

இரண்டாம் பாகம் திறந்ததும் கேட்டது:
முதல் ஆட்டத்தின் சேமிப்பு இருக்கிறதா?

இருக்கிறது, ரெஜினின் பென்டிரைவில்.
ரப்பர் ஷீட் விற்ற காசில்
நான் சொன்ன பொய்க்குப் பிறகு
குழித்துறைப் பாலத்தில் எதிரே வந்தால்
ஆற்றைப் பார்த்தபடி போகிறவன் அவன்.

'இல்லை'யை அழுத்தினேன்.

கூலி கேட்டதற்காக
அன்று நான் வெட்டிப்போட்ட தோணிக்காரன்
துடுப்போடு நின்றான்.
ஊருக்குப் புதுசா? ஏறும்.
கூலி கேட்கவில்லை.

அக்கரை வரை
அவன் கழுத்தையே பார்த்திருந்தேன்.
ஒரு தழும்பு,
ஒரு கீறல்கூட இல்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் மழை.
அருமனைக்குக் கடைசி பஸ் ஒன்பதே காலுக்கு.
ஆட்டத்தை நிறுத்தாமலே செருப்பை மாட்டினேன்.
எங்கே என்றாள் அம்மை.

பென்டிரைவ் வாங்க,
என்றுதான் சொன்னேன்.