மகஜர்

புல எண் நூற்று நாற்பத்து மூன்று, உட்பிரிவு இரண்டு.
காங்கயத்துக்குத் தெற்கே, கொறங்காடு.
கிழக்கும் மேற்கும் கிளுவை வேலி.
வடபாதி சென்னியப்பன் அனுபவம்,
தென்பாதி தம்பி கொளந்தவேல் அனுபவம்.
இருவருக்கும் பேச்சில்லை
என்று எழுத மகஜரில் இடமில்லை.

கோழிப்பண்ணைக்கு வானம் தோண்டும்போது
ஜேசிபி வாளியின் பல்லில் ஒரு கலயம் உடைந்தது.
ஓட்டுநர் மாரப்பன், ஓமலூர்க்காரர்,
முதலில் மீன்செதில் என்று நினைத்தாராம்.
ஆடு குடிக்கவே லாரித் தண்ணீர் வாங்குகிற காட்டில்
ஏது மீன்?

அறுபத்தொரு காசு.
வெள்வேல மரத்தின் கிழிந்த நிழலில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கார்பன் தாள் செருகி
கிராம நிர்வாக அலுவலராகிய நான் எழுதத் தொடங்கினேன்.
ஒன்று: வெள்ளி. ஆண் தலை. வலப்பக்கம் பார்க்கிறது.
இரண்டு: மேற்படி.
மூன்று: மேற்படி.
ஒன்பதாவதில் விரல் வலித்து
இரண்டு சின்னக் கோடு மட்டும் இழுத்தேன்.
தெய்வத்தின் மகன் என்று தன் தலையைச் சுற்றி
எழுத்து அடித்துக்கொண்டவன்
காங்கயம் வட்டத்தில் இரண்டு கோடு.

கோவையிலிருந்து வந்த தொல்லியல் அலுவலர் ஜன்னத் நிஷா
ஒவ்வொன்றாய்த் திருப்பிக் காட்டினார்.
கேடயத்தோடு நிற்கும் இரண்டு பையன்கள்:
அகஸ்டஸ் தத்தெடுத்த மகள்வழிப் பேரன்கள்,
அடுத்த பட்டம் இவர்களுக்கு என்று ஊருலகத்துக்கு அறிவிப்பு.
அறிவிப்பு கப்பலேறி, மேற்கு மலைக் கணவாய் கடந்து
இந்த மண்ணுக்கு வருமுன்னே
பையன்கள் செத்துப்போயிருக்கலாம்.
பிறகு பட்டத்துக்கு வந்தவன் திபேரியஸ்,
மனைவியின் முதல் கலியாணத்துப் பிள்ளை.
அவன் காசின் பின்புறம் செங்கோல் பிடித்து உட்கார்ந்திருப்பது
அவன் தாய்தான் என்று சிலர் சொல்கிறார்களாம்.

எனக்குப் புரிந்தது.
வாரத்துக்கு நாலு வாரிசுச் சான்று எழுதுகிறவள் நான்.
முதல் தாரம், இரண்டாம் தாரம், தத்து,
இறந்தவர் பெயரை அடித்துத் திருத்திய மனு,
கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்து
ஒரு வார்த்தை பேசாமல் எல்லாம் முடித்துப் போகும் தாய்.

முப்பத்தேழாவதின் கன்னத்தில் உளிவெட்டு.
நாசிக்குக் கீழே, காது வரைக்கும், ஒரே இழுப்பு.
உள்ளேயும் வெள்ளிதானா என்று
படியூர்ப் பச்சைக்கல்லை விற்ற யாரோ பார்த்திருக்கிறான்.
இதே தலை பளிங்கில், மூக்குப் போய்,
பல தேசத்துக் கூடங்களில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறதாம்.
அதை வணங்கினார்கள், பிறகு உருட்டினார்கள்,
பிறகு கயிறு கட்டிக் காவல் வைத்தார்கள்.
இங்கே தராசில் போட்டார்கள்.
மூன்று கிராம் ஐநூற்று எண்பது மில்லி,
நானும் அதையேதான் எழுதினேன்.

உடைந்த கலயத்தை ஓடு ஓடாய்க் கழுவி
பெயர்க்கீறல் தேடினார் ஜன்னத் நிஷா.
கொடுமணலில் ஓட்டுக்கு ஓடு பெயர் இருக்கும் என்றார்.
இதில் இல்லை.
காசு யாருடையதோ அவன் ஒரு எழுத்தும் வைக்கவில்லை.
அறுபத்தொரு தடவை பெயர் போட்டிருந்தவர்கள்
இந்தப் பக்கமே வந்ததில்லை.

சாட்சிகள் கையொப்பம்.
கொளந்தவேல் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டவில்லை,
மேசை விளிம்பில் வைத்தார்.
சென்னியப்பன் சித்த நேரம் அதையே பார்த்தார்.
எடுத்தார்.

துணிப்பையைக் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி
அரசு முத்திரையை அழுத்தினேன்.
சூட்டில் ஒரு கோபுரம் பதிந்தது, கொஞ்சம் சாய்வாக.
நானும் ஒன்று அடித்துவிட்டேன் போலிருந்தது.

"அந்தக் காலத்துல இது ஒரு ஆளோட
ஒருநாள் கூலின்னு மேடம் சொன்னாங்க" என்றார் மாரப்பன்,
விரல்விட்டு எண்ணி, "ரெண்டு மாசம்."
பிறகு தலையைச் சொறிந்தார்.
"காலையிலிருந்து வண்டி சும்மா நிக்குதுங்க.
மணிக்கு ஆயிரத்தி இருநூறு.
அத நான் யாருகிட்டக் கேக்கறது?"

அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு திசை பார்த்தார்கள்.
நான் அரக்கு ஆறிவிட்டதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.