இரவல் ரசீது

நாற்பத்தொரு படங்களைத் திரட்டிவரச் சொல்லி
மாவட்ட நூலகம் எனக்கு
ஒரு வேனும் ரசீதுப் புத்தகமும் தந்தது.
ஐலா ரூவோனாவின் ஐம்பதாண்டுக் கண்காட்சி.
ஏப்ரல் பிறந்தும்
சுப்பீரியர் ஏரியில் பனிப்பாளம் அசையவில்லை.

முதல் படம் பல் மருத்துவர் அறையில்,
நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில்.
வாய் பிளந்து கிடந்தவர்கள்
பார்த்துப் பார்த்துத் தேய்ந்த வானம்.
"இதைக் கழற்றினால்
ஊசி போடுகையில் எதைப் பார்ப்பார்கள்?"
மூன்று வாரம்தான் என்று எழுதிக்
கையெழுத்திட்டேன்.

ஸ்டிமாக்கின் மதுக்கடையில்
மூடிப்போன செப்புச் சுரங்கத்தின் கோபுரம்,
சிகரெட் புகையில் மஞ்சளித்திருந்தது.
ஒரு குடிக்கணக்குக்கு ஈடாக வந்ததாம்.
"அவர் குடிப்பாரா?"
"சேச்சே. வகுப்புக்கு வந்த ஒருவனுடைய கணக்கு."

ஈட்டுக்கு, வாடகைக்கு, பல் அடைப்புக்கு,
ஒருமுறை பாதி மான் கறிக்கு:
அப்படித்தான் வீடுவீடாகப் போயிருக்கின்றன படங்கள்.
விலை எழுதிய ரசீது
எனக்கு இரண்டே கிடைத்தது.

வகுப்பு செவ்வாய் மாலை, தீயணைப்பு நிலையத்தில்.
வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் மேசை போடுவார்கள்.
எண்ணெய்க் கறைமேல் செய்தித்தாள்.
இறைச்சிக்கடைக் காரீன்,
பனி தள்ளும் வண்டியோட்டி டெல்பெர்ட் டிரெவாரோ,
பதினோரு வருடம் தன் இடக்கையை மட்டுமே
வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி.
சங்கு ஊதினால் பாதிப்பேர்
தூரிகையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.
புகை நாற்றத்தோடு திரும்புவதற்குள்
நீர்வண்ணம் காய்ந்திருக்கும்.
"அதை ஈரமாக்காதே, பக்கத்தில் போ" என்பாராம் ஐலா.

சிக்காகோவிலிருந்து ஒருவர்
ஒரே ஒருமுறை வந்து பார்த்து
'திறமையுள்ள வட்டார ஓவியர்' என்று எழுதினார்.
அந்தத் துணுக்கு
தூரிகை கழுவும் ஜாடியில் இன்னும் ஒட்டியிருக்கிறது,
'திறமை' கரைந்துவிட்டது.
தன் வட்டாரம் எவ்வளவு பெரிது என்று
ஐலா கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்:
கார் பனியில் புதைந்தால்
பேர் சொல்லிக்கொண்டு வந்து இழுப்பவர்கள்
இருக்கும் தூரம் வரை.
அறுபத்துமூன்று மைல்.

இருபத்தொன்பதாவது படம் ஊர் வங்கியில்,
பெட்டகக் கதவுக்கு அருகில்.
'முன்விளக்கு.' முழுக்க வெள்ளை,
நடுவில் வெளிச்சம் என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று.
இதுதான் அவருடைய உச்சம் என்று
மேலாளரும் சொன்னார், நானும் நினைத்தேன்.

வேனின் பின்கதவைத் திறந்து காட்டினேன்.
ஐலா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இது நான் போட்டதில்லையே. டெல்பெர்ட்."
என் பேருக்கு எவன் நூற்றைம்பது டாலர் தருவான்,
உங்கள் பேரிலேயே விற்றுவிடுங்கள் என்றானாம்.
விற்றார். பணத்தை அப்படியே கொடுத்தார்.
"பிறகு அந்த வெள்ளைக்காக
மூன்று குளிர்காலம் மல்லுக்கு நின்றேன்.
உன் பட்டியலில்
முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
பார், ஒன்றிலும் வரவில்லை."

நூலகர் அதை நீக்கச் சொன்னார்.
காப்பீடு ரூவோனாவுக்கு மட்டும்தான் என்றது வங்கி.
ஐலா என் பேனாவை வாங்கி
பெயர் அட்டையில் ஒன்றை அடித்து
இன்னொன்றை எழுதினார்.
எழுத்துப்பிழையோடு.

திறப்பு நாளில் பனி கொட்டியது.
டெல்பெர்ட் வரவில்லை, வேலை.
ஏழரை மணிக்கு அவன் வண்டி தெருவில் போனது;
மஞ்சள் சுழல்விளக்கு
நாற்பத்தொன்றின் மீதும் ஒருமுறை ஓடி அணைந்தது.
பேச்சு நின்றது.
ஐலா சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.
"வாசலிலேயே குவித்துவிட்டுப் போயிருக்கிறான் மடையன்.
யாரிடமாவது மண்வெட்டி இருக்கிறதா?"